போர்க்காலத்தில் பள்ளி மாணவர் மன்றங்கள்: ஓர் எளிய அறிமுகம்

சுதந்திர தினத்தன்று தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஏதாவது ஓர் அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். காக்கி உடுப்பும் தொப்பியுமாக என்சிசி, அதாவது தேசிய மாணவர் படை, நிற்கும். கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய சாரணர்கள் நிற்பார்கள். சட்டைப் பையின் மேல் செஞ்சிலுவை பேட்ஜ் குத்திய ஜேஆர்சி பிள்ளைகள் மிட்டாய் டப்பாவுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். ஏன் சேர்ந்தாய் என்று கேட்டால் பாதிப் பேர் "சர்டிபிகேட் கிடைக்கும் சார்" என்பார்கள், மீதிப் பேர் "சார்தான் சேரச் சொன்னாரு" என்பார்கள். இரண்டும் நேர்மையான பதில்தான். ஆனால் இந்த மூன்று அமைப்புகளுக்கும் வேர் போர்க்காலத்தில் இருக்கிறது.

சாரணர் இயக்கத்திலிருந்து தொடங்குவோம். 1899இல் தென்னாப்பிரிக்காவில் மாஃபெகிங் என்ற ஊரை, அங்கே குடியேறிய டச்சு வழியினரான போயர்களின் படை சுற்றி வளைத்தது. 217 நாள் முற்றுகை. உள்ளே சிக்கிய பிரிட்டிஷ் படைக்குத் தலைவர் பேடன் பவல். பெரியவர்கள் எல்லாரும் காவலுக்குத் தேவைப்பட்டதால், தகவல் கொண்டுபோகும் வேலையை ஊர்ப் பையன்களிடம் ஒப்படைத்தார்கள். பின்னால் 1907இல் அவர் முதல் சாரணர் முகாமை நடத்தியபோது இந்த அனுபவம் அவர் மனதில் இருந்தது. இளையோர் செஞ்சிலுவை என்று நாம் சொல்லும் ஜேஆர்சி, முதல் உலகப் போரின் நடுவே, 1917 செப்டம்பரில் அமெரிக்காவில் பெரிய அளவில் உருவெடுத்தது. போர் முடியும்போது அங்கே ஒரு கோடிக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள் அதில் உறுப்பினர்கள். இந்தியாவுக்கு அது 1920களில் வந்தது. என்சிசி 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது. அதற்கு முன்னோடி, அதே 1917இல் இந்தியப் பல்கலைக்கழகங்களில் தொடங்கிய மாணவர் படை.

சரி, போர் நடக்கும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளால் என்னதான் செய்ய முடியும்? உண்மையில் என்ன செய்தார்கள்? அதில் எது பயன்பட்டது, எது வெறும் ஆர்ப்பாட்டம்? இதைத்தான் பார்க்கப் போகிறோம்.

பின்களம்

போர் என்றதும் எல்லையும் துப்பாக்கியும்தான் கண்ணுக்கு வரும். ஆனால் எல்லையில் நிற்கும் ஒரு சிப்பாய்க்குச் சோறு, உடுப்பு, பூட்ஸ், மருந்து, கடிதம், சம்பளம் எல்லாம் எங்கிருந்தோ போக வேண்டும். அவர் விட்டுவந்த வேலையை ஊரில் வேறு யாராவது பார்க்க வேண்டும். அவருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லையென்றால் யாராவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். இவையெல்லாம் நடக்கும் இடத்தைத்தான் பின்களம் என்கிறோம். சண்டை நடக்காத, ஆனால் சண்டையைத் தாங்கிப் பிடிக்கிற ஊர்களும் வயல்களும் தொழிற்சாலைகளும் வீடுகளும்.

நம் பக்கத்துக்கு இது புதிதல்ல. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் இன்று இருக்கும் கால்நடைப் பண்ணை 1824இல் படைக்குக் குதிரை வளர்ப்பதற்காகத் தொடங்கப்பட்டது. சண்டை எங்கோ, குதிரை இங்கிருந்து.

இருபதாம் நூற்றாண்டில் பின்களம் மிகப் பெரிதாகிவிட்டது. முன்பு அரசர்களின் படைகள் மோதிக்கொண்டன. இரண்டு உலகப் போர்களிலும் நாடுகளே முழுசாக மோதின. எண்ணெய், ரப்பர், அலுமினியம், அரிசி, பஞ்சு என்று எது குறைந்தாலும் போர்முனையில் தெரிந்தது. அந்தப் பற்றாக்குறையை நிரப்பத்தான் அரசுகள் பள்ளிக்கூடத்தின் பக்கம் திரும்பின.

ஏன் பள்ளிக்கூடம்? ஒரு பொருள் ஊர் ஊராகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறிக் கிடக்கிறது என்று வையுங்கள். அதைத் திரட்ட ஆள் வைத்தால் கூலி கட்டாது. பென்னாகரம் பக்கத்து மலைக்கிராமத்திலோ தேன்கனிக்கோட்டைக் காட்டோரத்திலோ பேருந்து வராத இடத்தில்கூட ஒரு தொடக்கப் பள்ளி இருக்கும். அங்கே ஒரு வாத்தியார் இருப்பார், வருகைப் பதிவேடு இருக்கும், ஒவ்வொரு தெருவையும் தெரிந்த முப்பது பிள்ளைகள் இருப்பார்கள். ஒரே ஒரு சுற்றறிக்கை போதும், மாவட்டம் முழுக்க வேலை தொடங்கிவிடும். வேறு எந்தத் துறைக்கும் இந்த வசதி கிடையாது. எந்தப் போரைப் பற்றிப் படித்தாலும், எந்த நாட்டைப் பற்றிப் படித்தாலும், இந்த ஒரு காரணம் திரும்பத் திரும்ப வருகிறது.

கேட்டது யார்?

மாணவர் மன்றங்களின் போர்க்கால வேலைகளை எடைபோட ஒரு எளிய கேள்வி இருக்கிறது: இந்தப் பொருள் வேண்டும் என்று கேட்டது யார்? மறுமுனையில் அதை வாங்கிப் பயன்படுத்த ஆள் இருந்தால் வேலை உருப்படும். இல்லையென்றால் பள்ளி மைதானத்தில் குவியல் சேரும், போட்டோ எடுப்பார்கள், அப்புறம் மழையில் நனையும்.

நன்றாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1942இன் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை உயர்நிலைப் பள்ளிகளிடம் 5,00,000 மாதிரி விமானங்கள் கேட்டது. விளையாட்டுக்கு இல்லை. வானத்தில் ஒரு விமானம் வந்தால் அது நம்முடையதா எதிரியுடையதா என்று பீரங்கிக்காரர் சில நொடிகளில் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் சொந்த விமானத்தையே சுட்டுவிடுவார். அந்தக் கண்பழக்கத்துக்கு உருவம் வேண்டும். எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில், மரத்தில் செதுக்கி, கறுப்பு வண்ணம் அடித்த மாதிரிகள். கறுப்பு ஏனென்றால் தூரத்தில் விமானம் நிழலுருவாகத்தான் தெரியும். கடற்படை வரைபடம் அனுப்பியது, மாணவர்கள் பள்ளிப் பட்டறையில் செதுக்கினார்கள், வந்ததைச் சோதித்து அளவு பிசகியதைத் தள்ளினார்கள். எத்தனை மாதிரி தேறியதோ அதற்கேற்பப் பதவிப் பெயர் போட்ட சான்றிதழும் உண்டு. சான்றிதழுக்காகச் சேர்வது அன்றைக்கும் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த உதாரணம் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அதன் இரண்டு பாத்திரங்களும் நம் ஊர்க்காரர்கள்: இலவமரமும் எருக்கும்.

கடற்படையினர் கடலில் விழுந்தால் மிதக்க வைக்கும் அங்கிக்குள் அப்போது இலவம்பஞ்சுதான் அடைத்தார்கள். நாம் தலையணைக்குப் போடும் அதே பஞ்சு. இலவம்பஞ்சு இழையின் உள்ளே காற்று, வெளியே மெழுகுப் பூச்சு. தண்ணீர் சீக்கிரம் ஏறாது. உலகத்துக்கு அது பெரும்பாலும் ஜாவாத் தீவிலிருந்து போனது. 1942 மார்ச்சில் ஜாவா ஜப்பான் கைக்குப் போனதும் வரத்து நின்றுபோனது. மாற்று தேடியபோது, வயலோரத்தில் களையாகக் கிடந்த மில்க்வீட் என்ற செடி கண்ணில் பட்டது. நம் எருக்குக்கு நெருங்கிய உறவு அது. முறித்தால் பால் வடியும், காய் வெடித்தால் பட்டு மாதிரிப் பஞ்சு விதையோடு பறக்கும். எருக்கங்காயை உடைத்து ஊதி விளையாடாத பிள்ளை நம் பக்கம் உண்டா? அந்தப் பஞ்சுதான்.

ஆனால் அந்தச் செடியை யாரும் பயிர் செய்யவில்லை. சாலையோரம், வேலியோரம், தரிசு என்று பரவிக் கிடந்தது. இயந்திரத்தால் அறுக்க முடியாது, காய் பழுத்து வெடிப்பதற்கு முன் கையால் பறிக்க வேண்டும். பிள்ளைகளுக்கென்றே செய்தது போன்ற வேலை. 1944இல் அமெரிக்கப் பள்ளிகள் இறங்கின. வெங்காய மூட்டைக்குப் பயன்படும் வலைப்பைகளைக் கொடுத்தார்கள். அதில் போட்டு வேலியில் தொங்கவிட்டால் காய் காற்றோட்டமாகக் காயும். இரண்டு பை நிறைந்தால் ஓர் உயிர் காப்பாற்றப்படும் என்பது முழக்கம். ஒரு மிதவை அங்கிக்கு இரண்டு பைக் காய் தேவைப்பட்டது, அதனால் அது வெறும் மேடைப்பேச்சு இல்லை, கணக்கு. மிச்சிகன் மாநிலத்தில் பெடோஸ்கி என்ற ஊரில் பஞ்சு பிரிக்கும் ஆலை இருந்தது. பறித்த காய் ரயிலேறி அங்கே போனது. கேட்டவர் இருந்தார், வாங்கியவர் இருந்தார், பொருள் நேராக ஒரு கப்பல்காரரின் நெஞ்சுமேல் போய்ச் சேர்ந்தது.

முதல் உலகப் போரிலும் இதே வகையில் ஒன்று நடந்தது. விஷவாயு முகமூடிக்குள் கரி வைக்க வேண்டும். கொட்டாங்குச்சிக் கரி அதற்கு அருமையாகப் பொருந்தும், அடர்த்தியும் நுண்துளையும் அதிகம். அமெரிக்காவில் அது போதவில்லை. பீச் பழக் கொட்டையைச் சேர்க்கச் சொன்னார்கள். ஒரு முகமூடிக்குச் சுமார் 200 கொட்டை. கடைவீதியில் பீப்பாய் வைத்தார்கள், தின்று முடித்த கொட்டையைப் பிள்ளைகள் அதில் போட்டார்கள். கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஆலைகளின் பின்புறம் மலைபோல் கிடக்கும் கொட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

இனி சரியாக நடக்காத ஒன்று. 1917இல் பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளிடம் குதிரைச் செஸ்ட்நட் கொட்டைகளைச் சேர்க்கச் சொன்னார்கள். எதற்கு என்று சொல்லவில்லை, ராணுவ ரகசியம். கொட்டையின் மாவுப்பொருளைப் புளிக்கவைத்து அசிட்டோன் எடுத்து, அதைக் கார்டைட் என்ற வெடிமருந்துத் தயாரிப்பில் பயன்படுத்தும் திட்டம். பிள்ளைகள் ஆயிரக்கணக்கான டன் சேர்த்தார்கள். ஏற்றிச் செல்ல ரயில் வசதி போதாமல் பெரும்பகுதி நிலையங்களிலேயே அழுகியது. கிங்ஸ் லின் ஊரில் ஆலை 1918இல்தான் ஓடத் தொடங்கியது. அந்தக் கொட்டை அசிட்டோனுக்கு அவ்வளவு உகந்தது அல்ல என்று தெரிந்து சில மாதங்களில் மூடிவிட்டார்கள். கேட்டவர் இருந்தார், ஆனால் வாங்கிக்கொள்ளத் தயாராக இல்லை. பிள்ளைகள் மேல் குற்றமே கிடையாது. இரண்டாம் உலகப் போரில் 1940இல் அதே பிரிட்டனில் விமானம் செய்ய அலுமினியப் பாத்திரம் கொடுங்கள் என்று கேட்டு, சாரணர்கள் கைவண்டியோடு வீடு வீடாகப் போனதும் கிட்டத்தட்ட இதே கதைதான். அதில் பெரும்பகுதி விமானத்துக்கான தரத்தில் இல்லை என்று பின்னால் பேசப்பட்டது. நானும் போரில் பங்கெடுத்தேன் என்ற உணர்வு மக்களுக்குக் கிடைத்தது உண்மை. ஆனால் உணர்வால் விமானம் பறக்காது.

பத்து சென்ட் ஸ்டாம்ப்

பொருள் சேர்ப்பதைவிடப் பெரிய வேலை பணம் சேர்ப்பது. ஆனால் இதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க வகுப்பறைகளில் வாரம் ஒருநாள் போர்ச் சேமிப்பு ஸ்டாம்ப் விற்றார்கள். 10 சென்ட், 25 சென்ட் என்று சிறிய தொகைகள். மாணவன் வாங்கி ஓர் ஆல்பத்தில் ஒட்டுவான். 25 சென்ட் ஸ்டாம்ப் 75 சேர்ந்தால் 18 டாலர் 75 சென்ட். அதைக் கொடுத்துப் போர்ப் பத்திரம் வாங்கலாம். பத்து வருடம் கழித்து 25 டாலராகத் திரும்பி வரும். மன்றத்து மாணவர்கள்தான் விற்பனையாளர், கணக்கர், விளம்பரப் பலகை எழுதுபவர் எல்லாம். ஒரு ஜீப்பின் விலைக்கு ஈடாக விற்ற பள்ளிகள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டன.

துப்பாக்கி வாங்கப் பிள்ளைகளின் சில்லறை எதற்கு என்று தோன்றும். அரசின் நோக்கத்தில் பாதிதான் அது. போர்க்காலத்தில் எல்லாருக்கும் வேலை கிடைக்கிறது, கையில் பணம் புரள்கிறது. ஆனால் கடையில் பொருள் இல்லை, தொழிற்சாலைகள் படைக்குத்தான் செய்கின்றன. பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி கால்வாசிதான் வந்த நாளில் வியாபாரிகள் எல்லார் பையிலும் கட்டுக்கட்டாகப் பணம் இருந்தால் பெட்டி என்ன விலைக்குப் போகும்? அதேதான் நாடு முழுக்க நடக்கும். அதனால் மக்களிடம் இருக்கும் பணத்தைக் கொஞ்சகாலம் பூட்டிவைக்க வேண்டும். பிள்ளை ஒட்டும் ஒவ்வொரு ஸ்டாம்பும் இன்றைக்குச் செலவாகாத பணம், விலையை ஏறவிடாத பணம். போர் முடிந்து கடைகளில் பொருள் நிறைந்த பிறகு அது திரும்பி வரும். அதோடு, பிள்ளை கேட்டால் அப்பா அம்மாவும் பத்திரம் வாங்குவார்கள். அரசுக்கு அதுவும் தெரியும்!

இப்படிப்பட்ட எல்லாவற்றையும் ஒரே குடையின் கீழ்க் கொண்டுவர 1942 செப்டம்பரில் 'ஹைஸ்கூல் விக்டரி கார்ப்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வான்படை, தரைப்படை, கடற்படை, உற்பத்தி, சமூக சேவை என ஐந்து பிரிவு. உடற்பயிற்சி, கணிதம், இயந்திர வேலை என்று பாடத்திட்டத்தையே போருக்கு ஏற்ப வளைத்தது. 1944இல் மூடிவிட்டார்கள். ஏற்கெனவே இருந்த சாரணர், செஞ்சிலுவை மன்றங்கள்தான் கடைசிவரை ஓடின. மேலிருந்து கட்டிய அமைப்பைவிடப் பழகிய மன்றம் நீடிக்கும் என்பது என் கணிப்பு.

சோவியத் ஒன்றியத்தில் இன்னொரு வகை. ஒரு சிறுவர் கதையின் நாயகன் பெயரால் 'தைமூர் குழுக்கள்' என்று பிள்ளைகள் கூடினார்கள். பொருள் சேர்த்ததும் உண்டு, ஆனால் அவர்களின் முக்கிய வேலை வேறு. போருக்குப் போனவர்களின் வீடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுப்பது, விறகு பிளப்பது, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது. பட்டியலில் மிகச் சாதாரணமாகத் தெரியும் இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் மேலாகப் படுகிறது. கேட்டவர் கண்முன்னே இருக்கிறார், பக்கத்து வீட்டு அக்கா.

எல்லை மீறினால்

இதற்கு ஒரு இருண்ட பக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த விளக்கம் அரைகுறை.

ஜப்பானில் போர் முற்ற முற்றப் பாடம் நின்று, மாணவர்கள் தொழிற்சாலைக்கு அனுப்பப்பட்டார்கள். மன்றத்தில் விருப்பப்பட்டுச் சேர்வது போய்க் கட்டாயமாகிவிட்டது. பள்ளி மாணவிகள் தாள்களைக் கிழங்குப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டிப் பெரிய பலூன்கள் செய்தார்கள். அந்தப் பலூன்களில் குண்டு கட்டிப் பசிபிக் கடலைத் தாண்டி அமெரிக்காவுக்குப் பறக்கவிட்டது ராணுவம். 1945 மே 5 அன்று ஓரிகன் மாநிலக் காட்டில் சுற்றுலா போன ஒரு குழு, கீழே கிடந்த அப்படி ஒரு பலூனை நெருங்கியது. குண்டு வெடித்து, கர்ப்பிணிப் பெண் ஒருவரும் ஐந்து பிள்ளைகளும் இறந்தார்கள். இங்கே செய்ததும் பிள்ளைகள், அங்கே செத்ததும் பிள்ளைகள்.

அதே ஆண்டு ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில் ஹிமெயுரி என்ற பெயரால் அறியப்படும் மாணவியர் அணி, 222 மாணவிகளும் 18 ஆசிரியர்களும், ராணுவ மருத்துவமனைக் குகைகளில் செவிலியராக வேலை செய்ய அனுப்பப்பட்டது. அவர்களில் 136 பேர் திரும்பவில்லை. ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில், தீ பரவாமல் இருக்க வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்கும் வேலையில் ஆயிரக்கணக்கான பள்ளி மாணவர்கள் காலையிலேயே வெட்டவெளியில் நின்றிருந்தார்கள். அணுகுண்டு அப்போதுதான் விழுந்தது. ஆறாயிரம் பிள்ளைகள் அளவில் இறந்தார்கள்.

ஆக, இரண்டாவது கேள்வி: பிள்ளையால் 'முடியாது' என்று சொல்ல முடியுமா? முடியாதென்றால் அது மன்றம் இல்லை. நம் என்சிசி சட்டத்தில் இந்த விஷயம் தெளிவாக இருக்கிறது. அதில் சேர்ந்த மாணவருக்குப் படையில் சேர்ந்து சண்டை போடும் கடமை எதுவும் கிடையாது. ஜேஆர்சிக்கு இன்னும் ஒரு கட்டுப்பாடு உண்டு. செஞ்சிலுவைச் சின்னம் நடுநிலைக்கும் மருத்துவ உதவிக்கும் உரியது. அந்த பேட்ஜோடு கட்டுத்துணி சுற்றலாம், வெடிமருந்துக்குக் கொட்டை பொறுக்கக் கூடாது.

நம் நாட்டில்

போர் தமிழ்நாட்டுக் கரையைத் தொட்டதே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. 1942இல் பர்மா ஜப்பான் வசமானதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது, அங்கிருந்த தமிழர்கள் நடந்தே திரும்பினார்கள். அந்த ஏப்ரலில் குண்டு விழும் என்று பயந்து சென்னைவாசிகள் கூட்டம் கூட்டமாக உள்மாவட்டங்களுக்குக் கிளம்பினார்கள். கடலிலிருந்து தள்ளி இருக்கும் நம்மைப் போன்ற ஊர்களின் போர்க்கால வேலை என்ன என்பதற்கு அதுவே குறிப்பு: வருகிறவர்களுக்கு இடமும் சோறும்.

1962இல் சீனப் போர் ஒரு மாதம்தான் நடந்தது. ஆனால் பனியில் நின்ற வீரர்களுக்குக் கம்பளி உடுப்புகூடப் போதவில்லை என்ற செய்தி நாட்டை உலுக்கியது. தேசியப் பாதுகாப்பு நிதி தொடங்கப்பட்டது. பெண்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள், பல ஊர்களில் ஸ்வெட்டர் பின்னினார்கள், பிள்ளைகள் உண்டியலை உடைத்தார்கள். அடுத்த ஆண்டே கல்லூரிகளில் என்சிசி கட்டாயமானது. 1968இல் மறுபடி விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள்.

1965 போரில் சிக்கல் சோற்றில் இருந்தது. நாடு அமெரிக்கக் கோதுமையை நம்பி இருந்த காலம், போர் வந்ததும் அந்த வரத்தே கேள்விக்குறியானது. உணவு அமைச்சர் நம் சி. சுப்பிரமணியம். பிரதமர் சாஸ்திரி வாரத்தில் ஒருவேளை, திங்கள் இரவு, சாப்பாட்டை விடச் சொன்னார். தன் வீட்டுப் புல்தரையிலேயே பயிர் வைத்தார். சும்மா கிடக்கும் இடத்திலெல்லாம் விளைவியுங்கள் என்பதே அன்றைய பேச்சு. அந்தப் போர் செப்டம்பர் 23இல் நின்றது. பத்து நாள்கூட ஆகவில்லை, அக்டோபர் 2இல் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி மாவட்டம் பிறந்தது. காந்தி பிறந்த நாள் என்று எல்லாருக்கும் தெரியும், சாஸ்திரி பிறந்ததும் அதே நாளில்தான். கேழ்வரகும் சாமையும் விளையும் மானாவாரி மாவட்டம் உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் தன் கணக்கைத் தொடங்கியது.

1965, 1971 இரண்டு போரிலும் என்சிசி மாணவர்கள் வேலை செய்தது பதிவான செய்தி. வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் உதவினார்கள், எல்லைப் பகுதிகளில் பொருள் ஏற்றி இறக்கினார்கள், பாராசூட்டில் இறங்கும் எதிரியைக் கண்டுபிடிக்க ரோந்து போனார்கள், மற்ற ஊர்களில் போக்குவரத்தையும் மீட்புப் பணியையும் பார்த்தார்கள். 1999 கார்கில் போரின்போது தொலைக்காட்சி வந்துவிட்டது. திருச்சிக்காரரான மேஜர் சரவணன் இறந்த செய்தி தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அந்த வருடம் பள்ளி உண்டியல்கள் நிரம்பியதை நாற்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இன்றைக்கு இங்கே

வகுப்பில் இந்தப் பாடம் வந்தால் ஏதாவது ஒரு பையன் கட்டாயம் கேட்பான்: "சார், பார்டர் எங்கயோ இருக்குது. நம்ம அரூர்ல உக்காந்துக்கிட்டு என்ன சார் பண்றது?"

நியாயமான கேள்விதான். 2025 மே மாதம் நாடு முழுக்க சிவில் பாதுகாப்பு ஒத்திகை நடந்தபோது தமிழ்நாட்டில் சென்னையிலும் கல்பாக்கத்திலும்தான் நடந்தது. நம் பக்கம் சைரன் ஒலிக்கவில்லை. ஆனால் அதே நாள்களில் நம் பக்கத்து ஒவ்வொரு வாட்ஸ்அப் குழுவிலும் குண்டு விழுந்துகொண்டிருந்தது. வீடியோ கேம் காட்சியைப் போர்க் காட்சி என்று அனுப்பினார்கள், பழைய தீ விபத்தைப் புதுத் தாக்குதல் என்று அனுப்பினார்கள். பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு ஒவ்வொன்றாக மறுத்துக்கொண்டிருந்தது. அந்த மறுப்பைத் தேடி எடுத்து, எளிய தமிழில் நாலு வரி எழுதி, வீட்டுப் பெரியவர்களின் குழுவில் போடுவது பத்தாம் வகுப்புப் பிள்ளையால் முடியும். பின்களத்தில் வதந்தியும் ஒரு எதிரிதான், அதற்குத் துப்பாக்கி வேண்டாம்.

ரத்ததானத்துக்கு 18 வயது ஆக வேண்டும், அதனால் பள்ளிப் பிள்ளைகளால் கொடுக்க முடியாது. ஆனால் தெருவாரியாக யாருக்கு என்ன ரத்த வகை, கூப்பிட்டால் வருவாரா என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். விபத்துக்கும் பிரசவத்துக்கும் அது எந்நாளும் உதவும். முதலுதவிப் பயிற்சியும் அப்படித்தான், போர் வராவிட்டாலும் தொப்பூர் கணவாயில் லாரி கவிழத்தான் செய்கிறது.

தைமூர் குழு செய்த வேலை இங்கே இன்னும் எளிது. உங்கள் ஊரில் படையில் இருப்பவர் வீடு எது என்று எல்லாருக்கும் தெரியும். வயதான அப்பா அம்மாவுக்கு வங்கிப் படிவம் நிரப்ப, மருந்து வாங்கிவர, ஓய்வூதியர் உயிர்ச்சான்றை மொபைலில் பதிவு செய்ய ஆள் தேவைப்படும். ஆனால் பிள்ளைகள் கூட்டமாகப் போய்ப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பது வேண்டாம். எந்தப் படைப்பிரிவு, எங்கே பணி என்று தோண்டிக் கேட்பதும் வேண்டாம். போர் நேரத்தில் அது அவருக்கே ஆபத்து.

அப்புறம் கொடிநாள். ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 7, 1949 முதல் நடக்கிறது. சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என முப்படைகளுக்கும் மூன்று நிறம் போட்ட சின்னக் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு பணம் போடுகிறோம். போரில் பாதிக்கப்பட்டவர்களின் மறுவாழ்வு, பணியில் இருப்பவர்கள் மற்றும் அவர்கள் குடும்பங்களின் நலன், ஓய்வுபெற்றவர்களின் மறுவாழ்வு ஆகியவற்றுக்கு அந்தத் தொகை போகிறது. மாவட்ட ஆட்சியர் வழியாகப் பள்ளிகளுக்குக் கொடி வருகிறது. பல பள்ளிகளில் வகுப்புக்கு இத்தனை ரூபாய் என்று பிரித்து வசூலித்து முடித்துவிடுகிறார்கள், பணம் எதற்கு என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. மன்றம் அந்த வேலையைக் கையில் எடுக்கலாம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் விளக்கம், சந்தை நாளில் ஆசிரியரோடு ஒரு மேசை, மாலையில் எண்ணிய தொகையை அறிவிப்புப் பலகையில் எழுதுவது.

இதையெல்லாம் தாண்டி, போர்ச் செய்தி வரும்போது புதிதாக ஏதாவது சேகரிக்க வேண்டும் என்று மன்றத்துக்குத் தோன்றினால், முதலில் தலைமையாசிரியர் கையெழுத்தோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் தனித்தனி அலுவலகம் இருக்கிறது. என்ன தேவை, எந்தக் கணக்கில் பணம் போட வேண்டும், பொருளாக வாங்குவார்களா என்று கேளுங்கள். 'பொருள் வேண்டாம், பணமாகவே அனுப்புங்கள்' என்று பதில் வந்தால் பிஸ்கட் பாக்கெட் சேர்க்கும் திட்டத்தை அங்கேயே நிறுத்திவிடலாம். அனுப்பிய பணத்துக்கு ரசீது வாங்கி, மன்றப் பதிவேட்டில் ஒட்டி வையுங்கள்.